சூடு தெரியாத விரல்கள்

செரின்சா, 1984 மார்ச் 11

நூபியாவுக்கு,

நலம். நீயும் நலமென்று நினைக்கிறேன். இரண்டு வருடமாக எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று உதட்டைப் பிதுக்குவாய். பிதுக்கிக்கொள். யானெத்தின் முதல் நற்கருணை விருந்தில், என் மாமியார் காதில் விழும்படி, "அப்பா கல்லறைக்குப் பூ வச்சிட்டு வந்தேன்க்கா" என்று சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. ஆற்றோடு போன மனிதருக்குக் கல்லறை ஏது என்று அவர் கேட்டார். என்னென்னவோ சொல்லிச் சமாளித்தேன். இனி என் வாசலை மிதிக்காதே என்று அன்று சொன்னேன். இப்போதும் அதை வாபஸ் வாங்கவில்லை.

ஒரு விஷயம் தெரிய வேண்டும். முள்வேலி போட்ட அந்த ஊருக்குப் போய், அப்பாவோடு இருந்த கிழவர்களிடம் பேசினாய் அல்லவா? அவருக்கு அது எப்படித் தொடங்கியதாம்? முதலில் கையா, காலா? முதுகில் வலி இருந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

சும்மா இல்லை. போன வியாழன் சந்தை நாள். கடையில் கூட்டம். கல்லில் சோள அரெப்பா அடைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாலாடைக்கட்டி கருகும் வாடை வந்தது. "அம்மா, கை! கை!" என்று யானெத் கத்தினாள். என் வலது கையின் இரண்டு விரல்கள் கல்லின் மேலேயே இருந்தன. எடுத்தபோது தோல் கல்லோடு போயிற்று. வலிக்கவில்லை, நூபியா. துளிகூட வலிக்கவில்லை. வலித்ததுபோல நான்தான் கத்தினேன், சுற்றி ஆட்கள் நின்றதால்.

முதுகோ நேர்மாறு. தோள்பட்டைகளுக்கு நடுவே ஆணி இறக்கினாற்போல இருக்கிறது. இருமினால் பிடரிவரை ஏறுகிறது. சோள மூட்டை தூக்குவதால் என்கிறார் உன் அத்தான் அவுரேலியோ. கல்லில் காய்ந்த கையைப் பச்சைத் தண்ணீரில் விடுவதால் என்கிறார் மாமியார். மருந்துக்கடைக்காரர் விட்டமின் ஊசி போடுகிறார். ஊசி குத்துவது மட்டும் இடுப்பில் நன்றாகத் தெரிகிறது.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. தபால் நிலையத்திலேயே வைத்திருக்கும்படி என் பெயருக்கு எழுது.

ஓத்திலியா


பொகோத்தா, மார்ச் 20

அக்கா,

உன் கடிதத்தை ஓட்டல் சலவை அறையில் நின்றபடி பிரித்தேன். பாதியில் அழுக்குத் துணிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன். வாசல் சண்டையைப் பிறகு போட்டுக்கொள்வோம்.

அப்பாவுக்கு முதலில் வந்தது முதுகில் ஒரு வெளிறிய தேமல். கிள்ளினாலும் தெரியாதாம். பிறகு முழங்கை நரம்பு கயிறுபோலத் தடித்திருக்கிறது. அதன்பிறகு இடது பாதம். அடுப்பிலிருந்து விழுந்த தணலை மிதித்துக்கொண்டு யாரோடோ கதை பேசிக்கொண்டிருந்தாராம். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் சொன்னது இவ்வளவுதான். முதுகு வலியைப் பற்றி அவர் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் உடம்பில் தேமல் இருக்கிறதா? கண்ணாடியில் பார். முதுகையும் பார்.

இங்கே, "ஊர்ல ஒரு தோழிக்கு" என்று சொல்லி விசாரித்தேன். "அது நெஞ்சுக் கோளாறுடி. என் கொழுந்தனுக்குக் கைதான் முதல்ல மரத்துச்சு. பூசையில உக்காந்திருந்தவன் அப்படியே போயிட்டான்" என்றாள் கூட வேலை பார்க்கும் ரோசால்பா. இஸ்திரி போடுகிறவள், "ரத்தம் இல்ல, ஈரல் தின்னச் சொல்லு" என்றாள். இன்னொருத்தி தன் மணிக்கட்டைக் காட்டினாள். "பிழிஞ்சு பிழிஞ்சு இங்க நரம்பு நசுங்கிருச்சு. எனக்கும்தான் மரத்துப்போகுது. ஆனா உயிர் போற மாதிரி வலிக்குமே" என்றாள். எல்லாருக்கும் வலிக்கிறது அக்கா. உனக்குத்தான் வலிக்கவில்லை.

தொழுநோய். எழுதிவிட்டேன், பார். காகிதம் பற்றி எரியவில்லை. இப்போது அதற்கு மாத்திரை இருக்கிறது. வேலியை எடுத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. லாரி கொண்டுவந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டுபோய்க் கன்னியாஸ்திரிகள் விடுதியில் போடமாட்டார்கள். அம்மாவும் இல்லாமல், அப்பாவையும் பிடித்துக்கொண்டுபோன பிறகு, நமக்கு நடந்தது யானெத்துக்கு நடக்காது. அந்த லாரியில் என் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாய். உனக்கு ஒன்பது வயது. அழுதால் நம்மைத் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள் என்று யாரோ உனக்குச் சொல்லியிருந்தார்கள்.

புறப்பட்டு வா. கையைப் பிடித்து நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

நூபியா


செரின்சா, ஏப்ரல் 8

நூபியா,

சோளம் வைக்கும் அறையைத் தாழிட்டுக்கொண்டு, முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அரிக்கேன் விளக்கில் பார்த்தால் உடம்பு முழுக்கத் தேமலாகத் தெரிகிறது. பகலில் பார்த்தால் ஒன்றுமில்லை. யாரிடம் காட்டிக் கேட்பேன்?

வரமாட்டேன். அந்த ஆஸ்பத்திரி வாசலில் இந்த ஊர்க்காரன் ஒருத்தன் என்னைப் பார்த்தால் போதும். அடுத்த சந்தைக்கு என் கையால் செய்த அரெப்பாவை நாய்க்குக்கூட வாங்கிப் போடமாட்டார்கள். மாவு பிசைவதை இப்போதே வேலைக்காரியிடம் விட்டுவிட்டேன். எனக்கென்று தகரக் குவளை, தனித் தட்டு. மாமியார், "மகாராணிக்குத் தனிப் பந்தியா?" என்கிறார். அவுரேலியோவோடு ஒரே போர்வையில் படுப்பதில்லை. ஏன் என்று சொல்வதுமில்லை. நேற்று கேட்டேவிட்டார். "எவனாவது இருக்கானா?" இருக்கிறான் என்று சொல்வதுகூட இதைவிடச் சுலபம்.

இன்னொன்றும் நடந்தது. துயித்தாமா சாலையில் சுளுக்கெடுக்கும் பெரியவர் எலியோதோரோவிடம் போனேன். முதுகைத் தடவிப் பார்த்தார். "நரம்பு இடம் மாறிக் கெடக்கு தாயி. ஒரே சொடக்கு, பறந்துரும்" என்றார். மோவாயையும் பிடரியையும் பிடித்து ஒரு திருப்பு. சத்தம் கேட்டது. அதன்பிறகு எனக்குக் கால்கள் இல்லை. தரையில் கிடக்கிறேன். மேலே உத்தரத்தில் மூலிகைக் கட்டுகள் தொங்குகின்றன. "எந்திரி தாயி, எந்திரி" என்கிறார். அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. காலை நீட்டு என்று என் காலுக்கு நான் சொல்கிறேன். அது வேறு யாருடையதோபோலக் கிடக்கிறது. செபமாலையில் பாதி சொன்ன பிறகு உயிர் திரும்பியது. எழுந்து நடந்து வந்தேன். காசு வேண்டாம் என்றார். அந்த மனிதர் காசை வேண்டாம் என்றால் எவ்வளவு பயந்திருப்பார் பார்.

இப்போது இடது கையில் சுண்டுவிரலும் ஆரம்பித்திருக்கிறது.

யானெத்தை உன்னிடம் அனுப்புகிறேன். நகரத்துப் பள்ளிக்கூடம் என்று இங்கே சொல்லியிருக்கிறேன். யாரும் வந்து எடுத்துக்கொண்டு போவதற்கு முன் நானே கொடுத்துவிடுகிறேன். இல்லையென்று சொல்லாதே.

ஓத்திலியா


பொகோத்தா, ஏப்ரல் 29

அக்கா,

பிள்ளை வந்து சேர்ந்தாள். தலை முழுக்கச் சிக்கு. பேருந்தை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, "சித்தி, அம்மாவுக்கு என்மேல என்ன கோவம்? என்னைத் தொடுறதே இல்ல." நான் என்ன சொல்லட்டும்?

என் விடுமுறை நாளில் நானே போய் அந்த ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வியாமிசார் வயதானவர். இந்த நோய்க்கே வாழ்நாளைக் கொடுத்தவர் என்று சொன்னார்கள்.

"கையக் காட்டுங்க" என்றார்.

"எனக்கில்ல டாக்டர். எங்க அக்காவுக்கு."

"அக்கா எங்க?"

"பயந்துகிட்டு வீட்டுல இருக்காங்க."

"இங்க வர்ற எல்லாருமே அப்படிக் கொஞ்ச நாள் இருந்துட்டுத்தாம்மா வர்றாங்க. சொல்லுங்க."

எல்லாம் சொன்னேன். இருமினால் வலி ஏறுகிறது என்றதும் எழுதுவதை நிறுத்தினார். சுளுக்குக்காரர் கதையைச் சொன்னதும் பேனாவையே கீழே வைத்துவிட்டார். "இனிமே அவங்க கழுத்துல ஒருத்தர் கை படக்கூடாது. சாமியார் ஆசீர்வாதம் பண்றதா இருந்தாலும் தள்ளி நின்னே பண்ணட்டும்" என்றார்.

"இது அப்பாவோட நோய்தானா டாக்டர்?"

"பாக்காம சொன்னா நான் டாக்டர் இல்ல, குறிசொல்றவன். தண்டுவடத்துல கோளாறு இருந்தாலும் கையில சூடு தெரியாமப் போகும். பஞ்சால தொட்டாத் தெரியுதா, சூடும் குளிரும் பிரிச்சுத் தெரியுதான்னு வீட்டுல சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஆனா எதுவா இருந்தாலும் அவங்க வந்தாகணும். தண்டுவடமா இருந்தா, நாள் தள்ளித் தள்ளி உக்காந்திருக்கக் கூடாது."

கேட்டாயா? நாம் நடுங்குவது ஒன்றுக்கு. கொல்ல வருவது வேறாக இருக்கலாம்.

கண்ணைக் கட்டித்தான் சோதிக்க வேண்டுமாம். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அத்தானிடம் சொல். மே மாதம் பாதிக்குள் நீ சொல்லவில்லையென்றால் நான் வந்து சொல்லுவேன். உன் வாசலை மிதிக்கமாட்டேன். தெருவில் நின்று சொல்லுவேன்.

நூபியா


செரின்சா, மே 14

நூபியா,

சொல்லிவிட்டேன். உனக்குப் பயந்துதான் சொன்னேன்.

பூசை முடிந்து மாமியார் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தார். அவுரேலியோ பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கதவருகிலேயே நின்றேன். "எங்கப்பா ஆத்துல சாகலைங்க. குஷ்டத்துல செத்தார். எனக்கும் அதுதானோன்னு பயமா இருக்கு" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கேனைக் கவிழ்த்தார். கையைத் துடைத்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இருட்டும்வரை ஆளைக் காணோம். மூட்டை கட்டத்தான் வருவார் என்று அவர் சட்டைகளை மடித்து மேசைமேல் அடுக்கினேன். வந்து பார்த்தார்.

"இது என்ன?"

"போறதா இருந்தா..."

"பைத்தியக்காரி" என்றார். பிறகு கத்தினார் பார், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. "அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் உங்கப்பனுக்காகத் தொப்பியக் கழட்டினேன்டி! மழையில கழட்டினேன்! பஸ்ஸுல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க! அந்த ஆளு அந்த ஆத்துல காலக்கூட நனைக்கலையா?"

சிரித்துவிட்டேன். சிரித்ததில் முதுகு ஆணி ஏறி அழுதுவிட்டேன். அவரும் அழுதார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். அதனால் எழுதவில்லை.

அவர்தான் சோதித்தார். கண்ணைத் துண்டால் கட்டினார். பஞ்சு எந்த விரலில் பட்டாலும் சரியாகச் சொன்னேன். பிறகு இரண்டு பாட்டில். ஒன்றில் கொதிநீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர். "எது சூடு?" "இது." பாட்டில்களை மாற்றி வைத்தார். "இப்ப எது?" "இது." கட்டை அவிழ்த்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. என் உள்ளங்கையில் ரத்தப் பொட்டு ஒன்று இருந்தது. நடுவில் ஊசியால் குத்தியிருக்கிறார். அதையும் நான் பஞ்சு என்று சொல்லியிருக்கிறேன்.

பஞ்சு தெரிந்தால் நல்லதா, கெட்டதா? டாக்டரிடம் கேட்டு எழுது. வேண்டாம், எழுதாதே. வேலைக்காரி கடையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டதும் இருவரும் வருகிறோம்.

ஓத்திலியா


பொகோத்தா, ஜூன் 27

அக்கா,

அன்று காலையில் உனக்கு வெல்லத் தண்ணீர் காய்ச்சி எடுத்துக்கொண்டு நானும் அத்தானும் ஆஸ்பத்திரிக்கு வந்தால் கட்டில் காலி. "புருஷன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன்" என்றார் பக்கத்துக் கட்டில் அம்மாள். புருஷன் என் பக்கத்தில் கையில் டம்ளரோடு நிற்கிறார்! ஆஸ்பத்திரிச் செருப்போடு பேருந்து ஏறினாயாமே. நடத்துநர் சொன்ன பிறகுதான் அத்தானுக்கு மூச்சு வந்தது. யானெத் இன்னும் என்னோடு பேசவில்லை. நான்தான் உன்னைத் துரத்திவிட்டேனாம்.

டாக்டர் வியாமிசார் உன் காது மடலைச் சுரண்டிப் பார்த்து, "இது தொழுநோய் இல்லம்மா" என்று சொன்ன அன்று நீ அவர் மேசைமுன் முழந்தாளிட்டாய். வெளியே வந்ததும் யானெத்தைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தலை பின்னினாய். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பின்னல் கோணலாகப் போயிற்று. அந்தக் கோணல் பின்னலை அவள் அவிழ்க்கவே விடவில்லை, தெரியுமா?

அதன்பிறகு முதுகில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். அறுவை டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். "தண்டுவடத்துக்குள்ள தண்ணி கோத்து நிக்குது. சூடும் வலியும் போற நரம்பை அது நெரிக்குது. பிடரிக்கிட்ட வழி இறுகியிருக்கு. அதைத் திறந்துவிட்டா இதுக்குமேல கெடாம நிறுத்தப் பாக்கலாம். போன உணர்ச்சி திரும்பும்னு வாக்குக் குடுக்கமாட்டேன்" என்றார். "திறக்கலைன்னா?" என்று கேட்டது நான். "கை போகும். அப்புறம் கால். எப்பன்னு யாராலும் சொல்ல முடியாது." "திறக்கும்போது?" "ஆபத்து இல்லைன்னு சொன்னா பொய்."

நீ போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

என்ன நினைத்துக்கொண்டு ஓடினாய்? அதையாவது எழுது.

நூபியா


செரின்சா, ஜூலை 5

நூபியா,

திட்டு. எனக்கு வேண்டியதுதான்.

அப்பாவின் நோயென்றால் எனக்குத் தெரியும். அதற்கு எப்படிப் பயப்படுவது, எதை ஒளிப்பது, யாரிடமிருந்து தள்ளி நிற்பது, எந்தப் புனிதரிடம் வேண்டுவது எல்லாம் ஒன்பது வயதிலிருந்து பழக்கம். இது எனக்குப் பழக்கமில்லாத பயம். எலும்புக்குள்ளே தண்ணீர் நிற்கிறது என்கிறார். மண்டையைப் பின்பக்கம் திறப்பேன் என்கிறார். சாயங்காலம் ஒரு பெண் வந்து என் பின்தலையில் எதுவரை சிரைக்க வேண்டும் என்று விரலால் அளந்துவிட்டுப் போனாள். அந்த விரல் பட்ட இடம் குளிர்ந்துபோய் அப்படியே இருந்தது. அந்த மேசையில் செத்தால் யானெத் அறியக் கடைசியாக நான் என்ன செய்திருப்பேன்? அவளைத் தொடாமல் ஒதுக்கிவைத்து, ஊரைவிட்டு அனுப்பினேன். அவ்வளவுதான் அவளிடம் மிஞ்சும். இன்னும் கொஞ்ச நாள் அவள் கூட இருந்துவிட்டுச் சாகலாம் என்று தோன்றியது. செருப்பைக்கூடப் பார்க்கவில்லை.

அவளை அனுப்பிவை. அறுவை வேண்டாம். இருக்கிற கையோடு இருந்துகொள்கிறேன். அவுரேலியோவும், "நீ வேணாம்னா வேணாம்" என்று

ஜூலை 12

நூபியா, இது அவுரேலியோ எழுதுவது. உன் அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். என் எழுத்து மாட்டு வண்டித் தடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தபோது பேனா விழுந்தது. எடுத்தேன். விழுந்தது. மறுபடி எடுத்தேன். கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க முடியவில்லை. சரியாகுமா என்று சில நாள் பார்த்தேன். நேற்று கோவில் படியில் வலது கால் தடுக்கிற்று. தடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

(அவள் சொல்லாததை நான் சேர்க்கிறேன். விழுந்துவிட்டாள். படியில் உட்கார்ந்து, "அவுரேலியோ, எனக்குப் பயமா இருக்கு. ஆனா கூட்டிட்டுப் போங்க" என்றாள். இந்த முறை ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குக் கீழேயே நான் படுத்துக்கொள்வேன். தாண்டிப் போகட்டும் பார்க்கலாம்.)

பால்காரர்களிடம் ஊரில் இருக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். சனிக்கிழமை பேருந்தில் வருகிறோம். யானெத்தை நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு வா. முதலில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஓத்திலியா சொல்ல, அவுரேலியோ


செரின்சா, 1985 பிப்ரவரி 17

அடி நூபியா,

பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்கி நானே எழுதுகிறேன். கோணலாக இருந்தாலும் என் எழுத்து. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது போகிறது.

அறுவைக்குப் பிறகு முதுகு ஆணி போய்விட்டது. தும்முகிறேன், ஒன்றும் ஏறுவதில்லை. கால் தடுக்குவதில்லை. வலது கை அப்படியேதான். சூடு, குளிர், வலி மூன்றும் திரும்பவில்லை. கல்லடுப்புப் பக்கம் போகக்கூடாதென்று மாமியார் துடைப்பத்தோடு காவல் நிற்கிறார். நான் கல்லாவில் உட்காருகிறேன். அவரிடமும் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சிலுவை போட்டுக்கொண்டே திரிந்தார். மூன்றாம் நாள் என் தகரக் குவளையை எடுத்துக் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டார்.

பயம் போயிற்றா என்று கேட்டிருந்தாய். இல்லை. காலையில் கண் விழித்ததும் கட்டிலின் இரும்புக் கம்பியை இடது கையால் தொடுகிறேன். ஜில்லென்றால்தான் எழுந்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவர் என் கண்ணைப் பார்க்காமல் படத்தையே பார்த்தார். அதை நான் கவனித்தேன்.

போன வாரம் யானெத்தோடு மூன்று பேரும் அந்த ஊருக்குப் போய் வந்தோம். உன்னைக் கூப்பிடாததற்குக் கோபிக்காதே. கூப்பிட்டிருந்தால் பாதி வழியில் உன் தோளில் சாய்ந்து திரும்பியிருப்பேன். வேலியை எடுத்துவிட்டார்கள் என்று நீ சொல்லியும் நான் வேலியைத்தான் தேடினேன். வெறும் கல்தூண்கள், நடுவில் ஆடு மேய்கிறது. கல்லறையில் அப்பா பெயர் பாதி அழிந்திருந்தது. அவுரேலியோ கத்தியால் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கீறித் தெளிவாக்கினார்.

திரும்பும்போது ஒரு கிழவி வாசலில் நின்று கூப்பிட்டார். எதெல்வினா என்று பெயர். அப்பாவின் துணிகளைத் துவைத்துக் கொடுத்தவராம். "மூத்தவளா நீ? சாயல் அப்படியே இருக்கு" என்றார். வாசலிலேயே காப்பி கொடுத்தார். கிளம்பும்போது அவர் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். "வெளியூர் ஆளுங்க சங்கடப்படுவாங்க, அதான்" என்றார்.

பொய் சொல்லமாட்டேன். அந்த நோய் இல்லையென்று சோதித்துச் சொன்ன பிறகும், மருந்து வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், அந்த ஒன்பது வயதுப் பிள்ளை எனக்குள் ஓடப் பார்த்தாள். ஓடவிடவில்லை. கையை நீட்டினேன். அவர் சால்வையிலிருந்து கையை எடுத்து என் கையில் வைத்தார். விரல்கள் பாதிதான் இருந்தன. அழுத்திப் பிடித்தார். அழுத்துவது எனக்குத் தெரிந்தது. பிறகு யானெத்தும் தானாகவே வந்து கை கொடுத்தாள். நான் சொல்லவில்லை.

பேருந்தில் அவள் காதில் மெதுவாகக் கேட்டேன். "அவங்க கை எப்படி இருந்துச்சு?"

"சூடா இருந்துச்சும்மா" என்றாள்.

உன் அக்கா,
ஓத்திலியா